பார்த்துக்கொள்ள விட்ட வீட்டை ‘என்னுது’ என்கிறார்: என்ன செய்யலாம்?

கேள்வி: ஐயா, லால்குடி பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்கு ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. கொல்லையோடு சேர்த்து 12 சென்ட். அப்பா 1986-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது. 2010-ல் அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்கு எங்களோடு வந்துவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்க வேண்டாமே என்று பெரியப்பா மகனைக் குடும்பத்தோடு அங்கே இருக்கச் சொன்னார் அப்பா. வாடகையும் இல்லை, எழுத்தும் இல்லை. 2016-ல் அப்பா உயில் எதுவும் எழுதாமல் காலமாகிவிட்டார். அடுத்த வருஷம் அந்த அண்ணன் (பெரியப்பா மகன்) மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். வீட்டு வரியும் அவரே கட்டுகிறார். கொல்லையில் தகர ஷெட் போட்டு மளிகைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். 2021-ல் நான் காலி செய்யச் சொன்னபோது, “தங்கச்சி, பொண்ணு கல்யாணம் முடியட்டும், இன்னும் ஒரு வருஷம் இருந்துக்கறோம்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கல்யாணமும் முடிந்தது. அதற்கப்புறம் அம்மா போய்க் கேட்டதற்கு, “12 வருஷத்துக்கு மேல ஆச்சு, சட்டப்படி இது என் வீடு” என்று சொல்லிவிட்டார். மூலப்பத்திரமும் வீட்டு பீரோவிலேயே மாட்டிக்கொண்டது. காவல் நிலையத்தில் ‘சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிட்டார்கள். கரண்டைக் கட் பண்ணி, ஆள் வைத்துக் காலி செய்யலாம் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். செலவு குறைவு என்பதால் ஒரு தடையுத்தரவு மட்டும் போட்டால் போதும் என்கிறான் தம்பி. பாதி விலைக்குக் கொடுத்தால் தானே பார்த்துக்கொள்வதாக ஒரு புரோக்கர் நச்சரிக்கிறார். அம்மாவுக்கு 74 வயது. வீடு கையை விட்டுப் போய்விடுமா?

பதில்: சகோதரிக்கு, போகாது. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் அப்படியே உண்மையாக இருந்து, இனிமேலும் காலம் கடத்தாமல் இருந்தால், இந்த வழக்கில் உங்கள் பக்கம்தான் பலமானது. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று யோசனைகளுமே தவறானவை. அதில் ஒன்று, உங்கள் பலத்தையே அவர் கையில் தூக்கிக் கொடுத்துவிடும்.

முதலில் அந்த 12 வருஷத்தைப் பார்ப்போம். ஊரில் பாதிப் பேர் இதைத் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் 12 வருஷம் இருந்துவிட்டால் வீடு இருப்பவருக்கே சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 65-வது இனம் என்ன சொல்கிறது தெரியுமா? உரிமையாளர் தன் சொத்தின் சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, திருப்பிக் கேட்க 12 வருஷம் அவகாசம், அந்த 12 வருஷம் எதிராளியின் அனுபவம் உரிமையாளருக்கு ‘எதிராக’ மாறிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும், அவ்வளவுதான். அவர் வீட்டுக்குள் கால் வைத்த நாள் முக்கியமில்லை. ‘இது உன்னுடையது இல்லை, என்னுடையது’ என்று உங்களுக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்த நாள்தான் முக்கியம். அதுவரை அவர் இருந்தது உங்கள் அப்பாவின் அனுமதியில். அனுமதியில் இருப்பவரின் அனுபவம் எத்தனை வருஷம் நீண்டாலும் அனுமதி அனுபவம்தான். அது தானாக எதிரிடை அனுபவமாக மாறாது.

இதை உச்ச நீதிமன்றம் 2012-ல் மரியா மார்கரிடா செக்வேரா வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உங்கள் கதைக்கு மிக நெருக்கமான வழக்கு அது. கோவாவில் சகோதரியின் வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்கிய சகோதரர், பிறகு வெளியேற மறுத்தார். காவலாளியோ, பராமரிப்பாளரோ, வேலையாளோ, எத்தனை வருஷம் இருந்தாலும் அந்தச் சொத்தில் அவர்களுக்கு உரிமை பிறக்காது என்றது நீதிமன்றம். உறவுக்காக வாடகை வாங்காமல் தங்க விடப்பட்டவருக்கும் அதே கதிதான். இன்னொன்றும் அந்தத் தீர்ப்பில் உண்டு. வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்பவர், தான் எப்போது வந்தார், யார் விட்டார்கள், எந்த உரிமையில் இருக்கிறார் என்பதை விவரமாகச் சொல்லியாக வேண்டும். ‘ரொம்ப நாளா இருக்கேன்’ என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாட்ஸ்அப் செய்தி. ‘இன்னும் ஒரு வருஷம் இருந்துக்கறோம்’ என்று உங்களிடம் அவகாசம் கேட்டவர், 2021-ல் உங்களை வீட்டுக்காரராக ஒப்புக்கொண்டிருக்கிறார். சொந்த வீட்டில் இருக்க யாரும் தங்கையிடம் தவணை கேட்பதில்லை. அந்தச் செய்தி நிரூபணமாகிவிட்டால், 2010-லிருந்தோ 2017-லிருந்தோ எதிரிடையாக அனுபவித்தேன் என்ற அவர் வாதம் எடுபடாது. அதனால் இன்றே செய்ய வேண்டியது இது: அந்த உரையாடலை அழிக்காதீர்கள், அந்த கைபேசியை மாற்றாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது உரிய சான்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், மறு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். இதை உங்கள் வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். முன்பின் செய்திகளோடு முழு உரையாடலும் இருக்கட்டும். எதிர்த் தரப்பு, நடுவில் கிள்ளி எடுத்திருக்கிறார்கள் என்று சொல்ல இடம் வைக்காதீர்கள்.

ஆனாலும் நாள் கணக்கில் நான் உங்களை நிம்மதியாக உட்காரச் சொல்ல மாட்டேன். அப்பாவின் மரணத்தோடு அனுமதி முடிந்துவிட்டது, அன்றிலிருந்தே எதிரிடையாக இருக்கிறேன் என்று அவர் தரப்பு வாதாடலாம். அந்த வாதம் நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது நின்றால்கூட 2016-லிருந்து 12 வருஷம் முடிவது 2028-ல். அந்தச் சண்டைக்கே இடம் கொடுக்காமல், அதற்கு நிறைய முன்னாலேயே வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். காலவரையறைச் சட்டத்தின் 27-வது பிரிவு கடுமையானது. காலம் தவறினால் வழக்குப் போடும் உரிமை மட்டுமல்ல, சொத்தின் உரிமையே அழிந்துபோகும். 2019-ல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில், எதிரிடை அனுபவத்தால் உரிமை பெற்றவர் தானே வாதியாக வந்தும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அவர் முந்திக்கொண்டு நீதிமன்றம் போகவும் வாய்ப்பு உண்டு. அப்படிப் போனால் பயப்பட வேண்டாம். எதிரிடை அனுபவம் என்று ஒருவர் சொல்லும்போதே, உண்மையான சொந்தக்காரர் வேறு ஒருவர் என்று ஒப்புக்கொள்கிறார். ‘பெரியவர் எனக்கே கொடுத்துவிட்டார்’ என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, ‘எதிரிடையாக அனுபவித்தேன்’ என்று இன்னொரு வாயால் சொன்னால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் அவர் பெயரில் இருப்பது உங்களை மிகவும் உறுத்துகிறது என்று தெரிகிறது. அவர் அங்கே குடியிருக்கிறார் என்பதைத்தான் அவை காட்டும். வீடு அவருடையது என்பதைக் காட்டாது. பட்டாகூட உரிமைப் பத்திரம் இல்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. வரி ரசீது எம்மாத்திரம்? இருந்தாலும் ஊராட்சி அலுவலகத்துக்கும் மின் வாரிய அலுவலகத்துக்கும் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பி, பெற்றதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அது பதிவாக இருக்கும்.

அடுத்தது, ஆள் வைப்பது. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். கோபம் எனக்குப் புரிகிறது. அப்பா உழைத்து வாங்கிய வீட்டு வாசலில் அம்மாவை நிற்க வைத்துப் பேசி அனுப்பியிருக்கிறார்கள், யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் சட்டம் இங்கே யோசிப்பது வேறு மாதிரி. உரிமை இல்லாதவராகவே இருந்தாலும், ஒரு வீட்டில் நிலையாகக் குடியிருப்பவரைச் சொந்தக்காரரும் பலத்தால் வெளியேற்றக் கூடாது, நீதிமன்றம் மூலமாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்று ராமே கவுடா வழக்கிலும் வேறு பல வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குறித்த பரிகாரச் சட்டத்தின் 6-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்ட நடைமுறைக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர், 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் போதும். வீடு யாருடையது என்ற கேள்விக்குள்ளேயே போகாமல், சுவாதீனத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடும். அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடும் கிடையாது. நீங்கள் ஆள் வைத்து அவரை இறக்கினால், மறு மாதமே அவர் வாதியாகவும் நீங்கள் பிரதிவாதியாகவும் நிற்பீர்கள். போதாக்குறைக்கு அம்மா பெயரையும் சேர்த்து ஒரு குற்ற வழக்கு வரும். மின்சாரத்தை, தண்ணீரை நிறுத்துவதும் அப்படித்தான். உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் முழுவதும் அந்த ஒரே நாளில் மங்கிவிடும்.

இதே 6-வது பிரிவு உரிமையாளர்களுக்கும் கைகொடுக்கும் என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் யாராவது பூட்டை உடைத்து உள்ளே புகுந்துவிட்டால், அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் இந்தப் பிரிவில் வழக்குப் போடலாம். அரசுக்கு எதிராக மட்டும் இதைப் பயன்படுத்த முடியாது. உங்கள் அண்ணன் அனுமதியோடு வந்தவர் என்பதால் உங்களுக்கு இது பொருந்தாது.

சரி, தம்பி சொல்லும் தடையுத்தரவு. இது கிராமத்து வழக்குகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நிரந்தரத் தடையுத்தரவு என்பது சொத்து உங்கள் கையில் இருக்கும்போது அதில் யாரும் குறுக்கிடாமல் காப்பது. சொத்தே அவர் கையில் இருக்கிறது. கையில் இல்லாத சுவாதீனத்தை நீதிமன்றம் எப்படிக் காக்கும்? 2008-ல் அனத்துலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் படிப்படியாக விளக்கியிருக்கிறது. சுவாதீனம் உங்களிடம் இருந்து, உரிமையில் பெரிய தகராறு இல்லையென்றால் தடையுத்தரவு மட்டும் கேட்டால் போதும். சுவாதீனம் எதிராளியிடம் இருந்தால் அதைத் திருப்பிக் கேட்க வேண்டும். உங்கள் உரிமையையே அவர் மறுக்கிறார் என்றால், உரிமையை விளம்புகை செய்யவும், அதாவது சொத்து உங்களுடையது என்று அறிவிக்கவும், கேட்க வேண்டும். செலவு குறைவு என்று வெறும் தடையுத்தரவுக்குப் போய், நாலைந்து வருஷம் கழித்து ‘கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை’ என்று வழக்குத் தள்ளுபடியானவர்கள் நிறைய. அந்த நாலைந்து வருஷமும் காலவரையறைக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

உங்கள் தாவாவில் (வழக்கு மனுவில்) கேட்க வேண்டியவை: வீடு உங்கள் மூவருக்கும் சொந்தம் என்ற விளம்புகை, சுவாதீன மீட்பு, வழக்கு முடியும்வரை அவர் விற்கவோ அடமானம் வைக்கவோ புதிதாகக் கட்டவோ கூடாது என்ற தடை, அப்புறம் அனுமதியை ரத்து செய்த நாளிலிருந்து வீட்டைக் காலி செய்யும் நாள்வரைக்கும் நஷ்ட ஈடு. விளம்புகை மட்டும் கேட்டு சுவாதீனத்தைக் கேட்காமல் விட்டாலும் குறித்த பரிகாரச் சட்டத்தின் 34-வது பிரிவு தடுத்துவிடும் என்பதால் இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். மளிகைக் கடைக்காரரையும் பிரதிவாதியாகச் சேருங்கள். அண்ணனுக்கு இல்லாத உரிமை அவருக்கு வந்துவிடாது. ஆனாலும் அவரைச் சேர்க்காமல் விட்டால், டிக்ரியை (தீர்ப்பாணையை) நிறைவேற்றும்போது ஷெட்டில் நின்றுகொண்டு ‘எனக்கு நோட்டீஸே வரவில்லை’ என்பார். அந்தக் கடை வாடகை, நஷ்ட ஈட்டுத் தொகையை நிர்ணயிக்கவும் உங்களுக்கு உதவும். ஷெட் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை அடி என்பதை வழக்கின் தொடக்கத்திலேயே வக்கீல் ஆணையரை நியமிக்கச் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.

ஷெட் பற்றி ஒரு எச்சரிக்கை. அனுமதியை நம்பி நிரந்தரக் கட்டுமானம் எழுப்பிச் செலவழித்தவரிடம் அந்த அனுமதியை ரத்து செய்ய முடியாது என்று 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவு சொல்கிறது. அவர் வக்கீல் இதைத் தொடுவார். அப்பா கொடுத்தது குடியிருந்து பார்த்துக்கொள்ளும் அனுமதி, கட்டிக்கொள்ளும் அனுமதி இல்லை. தகரக் கொட்டகை நிரந்தரக் கட்டுமானமும் இல்லை. அதோடு, வீடு என்னுடையது என்பவர் அனுமதியை நம்பிக் கட்டினேன் என்று சொல்லவும் முடியாது. எனவே இதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் அவர் அங்கே தளம் போட்ட கட்டடமாக எழுப்பத் தொடங்குவதற்கு முன் நீங்கள் எழுத்தில் ஆட்சேபித்திருக்க வேண்டும்.

அதனால்தான் முதல் வேலை வக்கீல் நோட்டீஸ். மூன்று வாரிசுகளின் பெயரிலும் போகட்டும். 2010-ல் எந்தச் சூழ்நிலையில் அப்பா அவரை இருக்க விட்டார், வாடகை வாங்கவில்லை, 2021-ல் அவரே அவகாசம் கேட்டார், இப்போது அனுமதி ரத்து செய்யப்படுகிறது, இன்ன தேதிக்குள் காலி செய்ய வேண்டும், தவறினால் மாதம் இவ்வளவு நஷ்ட ஈடு என்று தெளிவாக இருக்க வேண்டும். அதே வசதியுரிமைச் சட்டம், அனுமதி ரத்தானவருக்குப் பொருட்களை எடுத்துக்கொண்டு கிளம்ப நியாயமான அவகாசம் தரச் சொல்கிறது. ஒரு மாதமோ இரண்டு மாதமோ கொடுங்கள். ஒப்புகையோடு அனுப்புங்கள். ஒரு சொல்லில் கவனம் வேண்டும்: நோட்டீஸில் எந்த இடத்திலும் அவரை ‘வாடகைதாரர்’ என்று எழுதக் கூடாது. அதைப் பார்த்துவிட்டு அவர் உங்கள் கணக்கில் திடீரென்று ‘வாடகை’ என்று குறிப்பிட்டுப் பணம் போட்டால், உடனே திருப்பி அனுப்பிவிட்டு மறுப்பையும் எழுத்தில் அனுப்புங்கள். வாடகைதாரராகிவிட்டால் வழியே வேறு. நகர்ப்புறமாக இருந்தால், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் வருட நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் கீழ் வாடகை நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். கிராமத்திலும் வாடகைதாரரை வெளியேற்றும் நடைமுறை வேறு. அவருக்கு அந்தத் தகுதியை நீங்களே கொடுத்துவிடாதீர்கள்.

(வயலாக இருந்து, உழுபவர் குத்தகைதாரர் என்று வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏற்றியிருந்தால், 1955-ஆம் வருடக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும், அந்தச் சண்டை வருவாய் நீதிமன்றத்தில். உங்கள் 12 சென்ட்டில் அந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் தாலுகா அலுவலகத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

மூலப்பத்திரம் போய்விட்டதே என்று கலங்க வேண்டாம். 1986 கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் வாங்கலாம். கூடவே 1986 முதல் இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மூலப்பத்திரம் அவர் கையில் இருப்பதால், அதை வைத்து அடமானமோ வேறு பத்திரமோ பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வது அவசரம். பத்திரத்தைத் திருப்பித் தரும்படி நோட்டீஸிலேயே கேளுங்கள், தாவாவிலும் கேளுங்கள். அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, புல வரைபடம், உங்கள் பெயர்களுக்குப் பட்டா மாறுதல் மனு, இவையெல்லாம் ஒரே மாதத்தில் தொடங்கிவிட வேண்டியவை. ஒரு கேள்வி: அப்பா இறந்தபோது அவருடைய அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்படியிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு வந்து, அந்தப் பங்கு அவருக்குப் பின் பெரியப்பா கிளைக்கும் போயிருக்கும். அண்ணன் தரப்பு வக்கீல் இதைக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அண்ணனும் ஒரு சிறு பங்குதாரர் என்றாகிவிட்டால் தாவாவின் வடிவமே மாறும், பாகப்பிரிவினையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

காவல் நிலையத்தில் சொன்னது பாதி சரி. அவரை வெளியேற்றித் தருவது அவர்கள் வேலை இல்லை. ஆனால் அவர் போலிப் பத்திரம் தயாரித்தாலோ, ஆள்மாறாட்டத்தில் பதிவு செய்தாலோ, அம்மாவை மிரட்டினாலோ அது சிவில் மேட்டர் இல்லை. அப்போது எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். போலி ஆவணம் சம்பந்தப்பட்டால் மாவட்டக் காவல் துறையின் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவிடம் போகலாம். புகாரை வைத்து அவரைப் பயமுறுத்திக் காலி செய்ய வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொய்யைக் கலந்து ஒரு புகார் கொடுத்தால், சிவில் வழக்கில் குறுக்கு விசாரணையின்போது அதுவே உங்களைத் திருப்பி அடிக்கும்.

செலவு. சுவாதீனம் கேட்கும் வழக்குக்குச் சொத்தின் சந்தை மதிப்பில் நீதிமன்றக் கட்டணம். தமிழ்நாட்டில் 2017-ல் அதை ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். வீடு 40 லட்சம் பெறும் என்றால் 1,20,000 ரூபாய். தம்பி தயங்குவது இதனால்தான் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். முதல் வாதி அம்மா. லால்குடி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு, திருச்சியில் மாவட்ட ஆணைக்குழு, இரண்டில் ஒன்றில் அம்மா பெயரில் மனு கொடுக்கலாம். கேட்டால் சங்கடம் என்று நினைக்காதீர்கள். அது சட்டம் கொடுத்த உரிமை.

புரோக்கரை இன்றோடு நிறுத்திவிடுங்கள். முன்பணம் வாங்காதீர்கள், வெற்றுத் தாளிலோ பவர் பத்திரத்திலோ யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணனோடு சமரசம் வேண்டுமானால் அதை நேராகவே செய்யலாம், நானும் அதை வரவேற்கிறேன். ஒரு வழக்கு டிக்ரியாகி, மேல்முறையீடு தாண்டி, நிறைவேற்று மனுவில் நீதிமன்ற ஊழியரான அமீன் வந்து கதவைத் திறக்க வருஷக் கணக்கில் ஆகலாம். நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தாலும் நடைமுறை அந்த வேகத்துக்கு இன்னும் வரவில்லை. அதனால் அவர் வேறு வீடு பார்க்க ஒரு தொகையும் ஆறு மாத அவகாசமும் கொடுத்து முடிகிறதென்றால் அது தோல்வி இல்லை. ஒரே நிபந்தனை, பெரியவர்கள் முன்னால் வாய்ப்பேச்சாக முடிக்காதீர்கள். வழக்கைத் தாக்கல் செய்த பிறகு, நீதிமன்றத்தில் சமரச டிக்ரியாகவோ லோக் அதாலத் தீர்ப்பாகவோ பதிவாகட்டும். அப்போதுதான் ஆறு மாதம் கழித்து அவர் மறுத்தால், புதிதாக வழக்குப் போடாமல் நேராக நிறைவேற்று மனுவுக்குப் போக முடியும்.

கடைசியாக அம்மா. 2010-ல் அந்தப் பேச்சு நடந்தபோது அப்பாவோடு கூட இருந்தவர் அவர்தான், அப்பா இல்லாத நிலையில் அந்த அனுமதிக்கு உயிருள்ள சாட்சி அவர் ஒருவரே என்று நினைக்கிறேன். அவரால் அலைய முடியாது என்று உங்களுக்குப் பவர் எழுதி வாங்கிக்கொண்டு நீங்களே சாட்சி சொல்லிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வழக்கை நடத்த, மனுக்களில் கையெழுத்திடப் பவர் போதும். ஆனால் அவர் நேரில் கண்டு கேட்டதை அவருக்குப் பதிலாகப் பவர் ஏஜென்ட் சாட்சியாகச் சொல்ல முடியாது என்பது ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. அவர் முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வயதைக் காட்டி, அவர் சாட்சியத்தை முன்கூட்டியே பதிவு செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-வது கட்டளை, 16-வது விதியில் மனுப் போடலாம். நீதிமன்றம் வர முடியாவிட்டால் ஆணையர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய 26-வது கட்டளையில் கேட்கலாம், நீதிமன்ற அனுமதியோடு பெங்களூரிலிருந்து காணொலியிலும் சொல்லலாம். தாவாவைத் தாக்கல் செய்து பிரதிவாதிகளுக்குச் சம்மன் சேர்ந்ததும் உங்கள் வக்கீல் போட வேண்டிய முதல் மனுக்களில் இதுவும் இருக்கட்டும். அதுவரை, அன்று யார் யார் இருந்தார்கள், அப்பா என்ன சொன்னார், சாவி எப்போது கைமாறியது என்பதையெல்லாம் அம்மா தன் வார்த்தையில் சொல்லச் சொல்லி, நீங்கள் எதையும் சேர்க்காமல் ஒரு நோட்டில் எழுதி வைத்து வக்கீலிடம் கொடுங்கள்.